அடக்கத்துக்கு மறுநாள் வந்த மெயில்

மெயிலை முன்னாடியே எழுதி, அப்புறமாகப் போகும்படி நேரம் குறித்து வைக்கும் பழக்கத்தை எங்கள் அலுவலகத்தில் கொண்டுவந்தவர் மேனேஜர். நாங்களாக ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டதில்லை.

கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் பெங்களூருக்குப் போய் வருகிறவர்களுக்கு வேலையில் பாதி ரயிலிலேயே முடிந்துவிடும். நானும் அப்படித்தான். வீடு ஆண்டர்சன்பேட்டையில். சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ஏறி உட்கார்ந்ததும் லேப்டாப்பைத் திறந்தால், பங்காரப்பேட்டையில் கூட்டம் ஏறி முழங்கை அசைக்க இடமில்லாமல் போகிற வரைக்கும் எழுதலாம். எழுதியதை அப்படியே அனுப்பிக்கொண்டிருந்தோம். மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் கிளையன்ட் ஐரோப்பாவில் இருக்கும் ஒரு கம்பெனி. நாம் விடியற்காலையில் அனுப்பினால் அவர்கள் ஊரில் அது நடுராத்திரி. ஒழுங்கில்லாத ஆட்கள் என்று நினைப்பார்கள் என்றார். அவர்கள் காலையில் அலுவலகம் திறந்து உட்காரும்போது முதல் மெயில் நம்முடையதாக இருக்க வேண்டும், எங்கிருந்து எப்போது எழுதினீர்கள் என்று யாருக்கும் தெரியக்கூடாது என்றார். சரி என்று கேட்டுக்கொண்டோம். அன்றிலிருந்து எங்கள் மெயில்கள் எல்லாம் நாங்கள் எழுதிப் பல மணி நேரம் கழித்து, நல்ல பிள்ளைகள் போல, சொன்ன நேரத்துக்குப் போயின.

என்னோடு அதே ரயிலில், அதே வேலைக்கு வந்துகொண்டிருந்தவர் ஒருவர். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். சாம்பியன் ரீப்ஸில் பழைய சுரங்கக் குடியிருப்பில் அவர் வீடு. அவருடைய அப்பா கடைசி வரை நிலத்துக்கு அடியில் வேலை செய்தவர். அண்ணா மண் படாத வேலைக்குப் போனார். ஆனால் பேச்சிலிருந்து சுரங்கம் போகவில்லை. ரயில் பெட்டியை, சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டைச் சொல்வது போல, கேஜ் என்பார். அலுவலகம் இருந்த ஆறாவது மாடியை ஆறாவது லெவல் என்பார். "இன்னாம்மா, ஷிப்டுக்கு இறங்கலாமா?" என்றபடிதான் பெங்களூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்குவார்.

எங்கள் வேலை பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. அந்த ஐரோப்பியக் கம்பெனிக்கு இங்கே பல ஆலைகள் சாமான் செய்து அனுப்புகின்றன. ஒவ்வொரு சாமானுக்கும் தரச் சான்றிதழ் வேண்டும். ஆலைகள் இழுத்தடிக்கும். நாங்கள் துரத்தித் துரத்தி வாங்கி, எது வந்தது, எது பாக்கி என்று கிளையன்டுக்குத் தினமும் ஒரு மெயில் அனுப்ப வேண்டும். அந்தத் தினசரி மெயில் அண்ணாவின் பொறுப்பு.

ஒரு நாள் ஸ்டேஷன் படியில் ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பரிசோதனையில் அடைப்பு என்று தெரிந்தது. பைபாஸ் செய்ய வேண்டும், தள்ளிப்போட வேண்டாம் என்றார் டாக்டர். அண்ணா மேனேஜரிடம் போய் விடுப்புக் கேட்டார். ஆடிட் நடக்கிறது, அது முடியட்டும் என்று பதில் வந்தது. ஆடிட் முடிந்து மறுபடி போனார். வேறொருவர் கல்யாண விடுப்பில் இருக்கிறார், அவர் திரும்பட்டும் என்றார். மூன்றாம் முறை போனபோதுதான் சரி என்றார், அதுவும் ஒரு நிபந்தனையோடு. சின்னச் சிகிச்சைதான், அண்ணா படுக்கையிலிருந்தே வேலையைப் பார்த்துக்கொள்வார் என்று கிளையன்டிடம் சொல்லியாகிவிட்டது, அதனால் தினசரி மெயில் ஒரு நாள்கூட நிற்கக்கூடாது. விடுப்பு நாட்களுக்கான மெயில்களை முன்கூட்டியே எழுதி, நேரம் குறித்து வைத்துவிட்டுப் போக வேண்டும். பாஸ்வேர்டையும் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

இதை அண்ணா ரயிலில் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நெஞ்ச அறுத்துக்கப் போற மனுஷன்கிட்ட யாராவது இப்படிக் கேப்பாங்களாணா?"

"லீவு குடுத்தாரே, அத்தப் பாரு."

"நாளைக்கு இன்னா வரும், இன்னா வராதுன்னு தெரியாம நாளைக்கு மெயில இன்னைக்கே எப்படி எழுதுவீங்க?"

"அதுல இன்னா கீது? எந்த ஆலைக்காரன் எத்தினி நாளு இழுப்பான்னு எனக்குத் தெரியாதா? இன்னிக்கி கேட்டுட்டேன், சாயங்காலம் சொல்றேன். நாளைக்கு மறுபடி கேக்கறேன். இத்தயே மாத்தி மாத்திப் போட்டா ஆச்சு." சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் மூச்சு வாங்கியது. கொஞ்சம் நிறுத்தி, பிறகு மறுபடியும் தட்ட ஆரம்பித்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் வரைக்கும் அப்படியே எழுதிக்கொண்டு வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு மெயிலின் தொடக்கத்திலும் வேறு வேறு விதமாக நலம் விசாரித்தார், ஒரே மாதிரி இருந்தால் முன்பே எழுதியது என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்று.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அண்ணி போன் செய்தார். இரண்டு நாள் கழித்து, காலையில் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தவரின் இதயம் நின்றுவிட்டது.

அவர்கள் பௌத்தக் குடும்பம், தாத்தா காலத்திலிருந்து. தலைமாட்டில் புத்தர் படம் வைத்திருந்தார்கள். பிக்கு ஒருவர் வந்து பஞ்சசீலம் சொன்னார், எல்லோரும் திருப்பிச் சொன்னோம். நானும் இடுகாடு வரை போனேன். என் முறை வந்தபோது மூன்று பிடி மண் அள்ளிப் போட்டேன். மேனேஜர் வரவில்லை. கம்பெனி காரில் ஒரு மலர்வளையம் வந்தது. பூவைவிடக் கம்பெனி பெயர் போட்ட ரிப்பன்தான் பெரிதாக இருந்தது.

மறுநாள் வேலைக்குப் போனேன். எங்கள் கம்பெனியில் துக்கத்துக்கெல்லாம் தனி விடுப்பு கிடையாது. மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால், அதாவது ஐரோப்பாவில் அலுவலகம் திறக்கும் நேரத்தில், என் கம்ப்யூட்டரில் ஒரு மெயில் வந்து விழுந்தது. அனுப்பியவர் அண்ணா.

"காலை வணக்கம். இந்த வாரம் உங்களுக்கு இனிதாகத் தொடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். பாக்கியுள்ள சான்றிதழ்களை இன்று கேட்டிருக்கிறேன். மாலைக்குள் தகவல் சொல்கிறேன்."

ஒரு நொடி, கேடுகெட்ட ஒரே ஒரு நொடி, அவர் பிழைத்துவிட்டார் என்று நினைத்தேன். நானே மண் போட்டதை மறந்துவிட்டேன். அப்புறம் நினைவு வந்தது. அந்த ஒரு நொடியை என் தலையில் யார் கட்டினார்களோ அவர்களை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

மறந்துபோய் விட்டிருப்பார்கள், சொன்னால் நிறுத்திவிடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் மேனேஜர் அறைக்குப் போனேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மெயில் அவருக்கும் வந்திருந்தது. படித்தும் இருந்தார்.

"பிடி மேடம், பிடி" என்றார்.

கன்னடத்தில் அதற்கு, விடுங்கள் என்று அர்த்தம். எங்கள் இரண்டு பாஷைக்கும் நடுவில் இப்படி ஒரு குறும்பு. நாங்கள் பிடி என்றால் பற்றிக்கொள், அவர்கள் பிடி என்றால் விட்டுவிடு. தங்கவயலில் பிறந்த எனக்கு இரண்டும் தெரியும். ஆனால் அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்தது தமிழாகத்தான் காதில் விழுந்தது. செத்தவரையும் பிடித்து வைத்திருந்தார்கள்.

நான் நின்றுகொண்டே இருந்ததால் விளக்கினார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் பேச்சு நடக்கிறது. இந்த நேரத்தில் ஆள் இறந்துவிட்டார் என்று சொன்னால் கிளையன்ட் கலவரப்படுவார்கள். புது ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறோம். அதுவரை இந்த மெயில்கள் போகட்டும், இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? அவரே தன் கைப்பட எழுதியதுதானே? ஒருவிதத்தில் இது அவருக்கு மரியாதை.

மரியாதை என்ற சொல்லை அவர் சொன்னபோது என் காது இரண்டும் சூடானது. வெளியே வந்து கை கழுவும் இடத்தில் நின்று முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டேன். அந்த நேரம் சொல்ல வேண்டியதெல்லாம் எனக்கு இரண்டு ஸ்டேஷன் தள்ளித்தான் ஞாபகம் வந்தது. ரயிலில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாள் மதியம் அண்ணி கூப்பிட்டார்.

"யம்மா, சாயங்காலம் ஊட்டாண்ட வந்துட்டுப் போறியா? அவரு ஃபோனுல இன்னான்னமோ வருது."

ஸ்டேஷனில் இறங்கி நேரே போனேன். வீட்டில் உறவுக்காரர்கள் கொஞ்சம் பேர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார்கள். உள்ளே அண்ணியும், காலேஜில் படிக்கும் மகளும். அண்ணாவின் போன் அலமாரிமேல் சார்ஜில் கிடந்தது. அலுவலக மெயில் அதில் வரும்படி வைத்திருந்தார். கிளையன்ட் போட்ட பதில்கள் அதில் வந்து மணி அடித்துக்கொண்டிருந்தன.

மகள் போனை எடுத்துப் படித்தாள். அழாமல், பாடம் ஒப்பிப்பது போல, தமிழில் சொன்னாள். "ரொம்ப நன்றி, நீங்க எப்பவுமே சொன்ன நேரத்துக்கு அனுப்பறீங்கன்னு போட்டிருக்காங்க, ஆன்ட்டி. நேத்து வந்தது. இன்னிக்கி வந்ததுல, ஒடம்பு எப்படி இருக்குன்னு கேட்டிருக்காங்க."

"யாருக்கு?" என்று கேட்டார் அண்ணி.

"அப்பாவுக்குமா."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் இருந்ததை இருந்தபடி சொன்னேன். முன்னாடியே எழுதி வைத்தது, தானாகப் போகிறது, நிறுத்தச் சொன்னேன், நிறுத்த மாட்டேன் என்கிறார்கள்.

அண்ணி கத்தவில்லை. குரல் தாழ்ந்துதான் வந்தது. "எங்க மாமனாரு சொல்வாரு. அடியில ஆளு செத்துட்டா, பொணத்த கேஜ்ல மேல ஏத்திக் கொண்டாந்து ஊட்டுக்காரங்ககிட்ட குடுத்துருவாங்க. வெள்ளக்காரனும் குடுத்தான், அப்புறம் வந்தவனும் குடுத்தான். இவங்க அத்தக்கூட முழுசாக் குடுக்கலியேம்மா."

"ஃபோன ஆஃப் பண்ணிடலாமா அண்ணி?"

"வாணாம்" என்று உடனே தடுத்தார். "அவரு ஃபோனு அது. ஆஃப் பண்ணக்கூடாது. அங்க நிறுத்தச் சொல்லு."

நிறுத்துகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியாது.

காலையில் முதல் வேலையாக, கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சக ஊழியரிடம் போனேன். நல்ல மனிதர்தான். அண்ணாவின் கணக்கை மூட ஒரு நிமிஷம் ஆகாது, ஆனால் மேனேஜர் சொல்லாமல் கை வைத்தால் தன் வேலை போய்விடும் என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

நான் என் இடத்துக்குத் திரும்புவதற்குள் மேனேஜரே கூப்பிட்டார். கூப்பிட்ட விதத்தைப் பார்த்து, மனம் மாறிவிட்டது என்று நினைத்தேன். உட்காரச் சொன்னார். கிளையன்ட் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள், எழுதி வைத்த மெயில்களில் அதற்குப் பதில் இல்லை, உங்களுக்குத்தான் அந்த விவரமெல்லாம் தெரியும் என்றார். அண்ணாவின் பாஸ்வேர்டைச் சொன்னார்.

"அவர் கணக்கில் போய், அவர் பெயரிலேயே பதில் போட்டுவிடுங்கள். உடம்பு எப்படி என்று கேட்டதற்கும் ஒரு வரி. தேறி வருகிறேன் என்று."

இதை அவர் தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னார். பாட்டிலை மூடி வைத்துவிட்டு, சரிதானே என்பது போல என்னைப் பார்த்தார்.

நான் எழுந்து வெளியே வந்தேன். என் இடத்துக்கு வந்து அண்ணாவின் கணக்கைத் திறந்தேன். பதில் போடும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. போக இருக்கிற மெயில்களை நானே அழித்துவிடலாம் என்றுதான் திறந்தேன். அனுப்பக் காத்திருப்பவை எல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றன. நாளைக்கு உரியது, நாளன்றைக்கு உரியது, அடுத்த வாரத்துக்கு உரியது. ஒரு மெயிலில் மழை பற்றி எழுதியிருந்தார். மழை வருமா என்று அவருக்கு எப்படித் தெரியும்? எல்லாவற்றுக்கும் கடைசியில், வீட்டிலிருந்தே வேலையைத் தொடங்குவதாகச் சொல்லியிருந்த நாளுக்கு ஒன்று.

"இன்றிலிருந்து முழுநேரப் பணிக்குத் திரும்பிவிட்டேன். இப்போது மிகவும் நன்றாக இருக்கிறேன். உங்கள் பொறுமைக்கும் அன்பான விசாரிப்புக்கும் நன்றி."

ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு வாங்க வாங்க அவர் எழுதியது. படித்துக்கொண்டிருக்கும்போது எனக்கு வந்தது அழுகை இல்லை. அவ்வளவு கோபம் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை. இவற்றை அழித்தால் போதாது என்று தோன்றியது. அழித்தால் எல்லாம் சுத்தமாகிவிடும். மேனேஜர் வேறொருவரை உட்கார வைத்துத் தேறி வருகிறேன் என்று எழுத வைப்பார்.

அந்தக் கணக்கை மூடிவிட்டு என் கணக்கைத் திறந்தேன். கிளையன்ட் கடைசியாகப் போட்ட மெயிலுக்கு, அதில் இருந்த எல்லோருக்கும் போகும்படி பதில் எழுதினேன். எங்கள் மேலதிகாரிகள் வரைக்கும் அதில் இருந்தார்கள்.

"உங்களுக்கு இந்த மெயில்களை எழுதியவர் இறந்துவிட்டார். இந்த வாரம் அவரை அடக்கம் செய்தோம். அடக்கத்துக்குப் பிறகு உங்களுக்கு வந்தவை எல்லாம், அவர் ஆபரேஷனுக்குப் போகும் முன் எழுதி நேரம் குறித்து வைத்தவை. நிறுத்தும்படி கேட்டேன். நிறுத்தவில்லை. அவர் உடல்நிலை பற்றி நீங்கள் விசாரித்ததை அவருடைய மகள் படித்தாள்."

இவ்வளவுதான். ஒரு வார்த்தை கூட்டவில்லை. எழுதியவுடனே அனுப்பினேன்.

முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் மேனேஜர் அறைக் கதவு திறந்த சத்தம் கேட்டது. என் மேஜைக்கே வந்துவிட்டார். எல்லோர் முன்னாலும் கத்தினார். என்ன செய்திருக்கிறாய் என்று தெரியுமா, கம்பெனியையே மூழ்கடித்துவிட்டாயே, உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது. அதுவரை மேடம் என்றவர் அன்றைக்கு ஏகவசனத்தில் இறங்கிவிட்டார்.

"இன்னா செஞ்சேன்னு தெரியும் சார்" என்றேன். எங்கள் ஊர்த் தமிழிலேயே வந்தது. "நீங்க செய்ய வேண்டியத நான் செஞ்சேன். அவ்ளோதான்."

அவருக்கு எவ்வளவு புரிந்ததோ. பக்கத்து மேஜைகளில் இருந்தவர்கள் ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேலும் எனக்கு ஆத்திரம்தான். அந்த மெயில்கள் அவர்களுக்கும்தான் வந்தன.

கிளையன்ட் பக்கத்தில் அண்ணாவோடு தினமும் எழுதிக்கொண்டிருந்த பெண் எங்கள் மேலதிகாரிக்குப் போன் செய்தாராம். என்ன பேசினார் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் போன் வைத்த சிறிது நேரத்தில் அண்ணாவின் கணக்கு மூடப்பட்டது. காலையில் முடியாது என்ற அதே ஆள்தான் மூடினார். உண்மையிலேயே ஒரு நிமிஷம்தான் ஆனது. ஒப்பந்தமும் எங்கேயும் போய்விடவில்லை, புதுப்பித்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் அவசர அவசரமாக ஒரு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். அண்ணா படத்துக்கு மாலை, ஆளுக்கொரு சமோசா, ஜூஸ். மேனேஜர்தான் பேசினார். குரல்கூடக் கொஞ்சம் கம்மியது. "கடைசி மூச்சு வரைக்கும் இந்தக் கம்பெனிக்காக உழைத்தவர்" என்றார்.

"அதுக்கப்புறமும் உழைச்சாரு" என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. மேனேஜர் ஒரு நொடி நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பழகிய மனிதர்.

கம்பெனி விஷயத்தை வெளியாருக்குச் சொன்னதற்காக எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே எனக்கு வேலையே தரவில்லை. காலையில் போய் உட்கார்ந்து மாலையில் எழுந்து வருவேன். சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே விட்டேன். இப்போது வேறு இடம், அதே ரயில். மேனேஜர் இன்னும் பெரிய பதவிக்குப் போய்விட்டதாகக் கேள்வி. அவரை நினைக்கும்போது வயிறு எரிவது குறையும் என்று என் கணவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். இதுவரைக்கும் குறையவில்லை.

வேலையை விட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி வீட்டுக்குப் போயிருந்தேன். மகள் டியூஷன் எடுக்கப் போயிருந்தாள். அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ரொம்ப நேரம் வேறு என்னென்னவோ பேசினோம். திடீரென்று கேட்டார்.

"அவரு எழுதி வெச்சிருந்ததுல கடைசில இன்னா இருந்துச்சும்மா? நீ பாத்தியாமே."

மறைக்க எனக்கு மனசு வரவில்லை. நன்றாகிவிட்டேன், வேலைக்குத் திரும்பிவிட்டேன், உங்கள் பொறுமைக்கு நன்றி என்று எழுதியிருந்ததைச் சொன்னேன்.

அண்ணியின் கை நின்றது. முகம் சிவந்து வந்தது. அழப்போகிறார் என்று நினைத்து நான் நெருங்கி உட்கார்ந்தேன். அவர் அழவில்லை.

"நல்லாயிட்டேன்னு அவங்களுக்கு முன்னாடியே எழுதி வெச்சாரு. பொறுமையா இருந்தீங்க, தேங்க்ஸுன்னு எழுதி வெச்சாரு. ஆஸ்பத்திரிக்கு என்கூடத்தான வந்தாரு, ராவெல்லாம் நான்தான கால் புடிச்சிகினு உக்காந்திருந்தேன்? எனக்குன்னு ஒரு வார்த்த எழுதினாரா? இல்ல வாயாலயாவது சொன்னாரா? அவருக்கு நேரமே இல்லாம ஆக்கிட்டானுங்களேம்மா, பாவிங்க. இந்த மனுஷனும் அதுக்கு ஒத்துக்கினாரே."

கையிலிருந்த கீரைக் கட்டைச் சுவரில் வீசி அடித்தார். அது சிதறி விழுந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை.